இரண்டு கைகள், இரண்டு தேதிகள்

அத்தியாயம் 9

டீச்சருக்கு அன்று யாரையும் காப்பாற்றும் தெம்பு இல்லை.

முந்தின நாள் அலைந்த அலைச்சல் முழுக்க வலது முழங்காலில் குடியேறியிருந்தது. அந்த ஒற்றை அறை வீட்டின் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அந்த அம்மாளுக்கு முதலில் வந்த கவலை, இதிலிருந்து மறுபடி எழுந்திருக்க வேண்டுமே என்பதுதான். இருபத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்து, நின்று நின்றே தேய்ந்த கால். வேலையை விட்டுத் துப்பறிய வந்து ஆறு வருஷமாகியும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற வித்தையைப் பள்ளிக்கூடம் கற்றுக் கொடுத்திருந்தது. பென்ஷனோடு சேர்த்து அதுவும் கூட வந்துவிட்டது.

எதிரே கட்டிலில் பாய்லர்காரர். இரண்டு கையிலும் முழங்கைக்குக் கீழே வெள்ளைக் கட்டு. தலையணை மேல் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாருடைய கைகளையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எத்தனை தடவை டீச்சர்?"

"எனக்கு ஒரு தடவைதான். போலீசுக்குச் சொன்னதெல்லாம் என் கணக்குல வராது."

அவர் சொன்னார். அவர் பாய்லர் பார்ப்பது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுப்பு. இருபது நாளைக்கு முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணிக் கிடங்கில் தீப் பிடித்தது. உள்ளே ஸ்டோர் கீப்பர். கதவுக்கு வெளிப்பக்கம் குறுக்கே போட்டிருந்த இரும்புப் பட்டை அடுப்புக்கல் போலக் காய்ந்து கிடந்தது. பாய்லர்காரர் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

"ஒரே இழுப்பு டீச்சர். அவர் வெளியில வந்தார். மூணாம் நாள் போயிட்டார். கதவைத் திறந்தது யாருன்னு சொல்ல இருந்தது அந்த ஒரு வாய்தான்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவன் எப்போதும் கேட்காத விவரம் ஒன்றைக் கூடச் சேர்த்துச் சொல்வான். இந்த மனிதர் கேட்டதில் பாதியைத்தான் சொல்கிறார்.

ஆனால் டீச்சர் நம்பி என்ன ஆகப் போகிறது? நேற்று போலீஸ் டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வலது உள்ளங்கையில் புதுத் தோல் வந்து மூடியாகிவிட்டது. இடது இன்னும் பச்சைப் புண். இரண்டும் ஒரே நாள் காயமாக இருக்க முடியாது, குறைந்தது பத்து நாள் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய தீக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால் அதே கூடத்தின் பின்புறம் பழைய விரிப்புக் குவியல் ஒன்று எரிந்து தானாக அணைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் கூட்டினார். முதல் தீ ஒத்திகை, அதில் வலது கை வெந்தது. இரண்டாவது தீயில் இடது கை. ஸ்டோர் கீப்பர் செத்துப் போனதால் இப்போது அது கொலை. மாலை நாலு மணிக்குக் கைது செய்ய வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"முதல் தீக்கு அப்புறம் உங்க கையை யாராவது பார்த்தாங்களா? நல்லா இருக்குன்னு சொல்ல?"

"பாய்லர்ல கையுறையைக் கழட்ட மாட்டோம். சாப்பிடத்தான் கழட்டுவேன். தனியாத்தான் சாப்பிடுவேன்."

"நான் பார்த்தேனே!" என்றாள் அவர் மனைவி, கதவோரம் நின்றபடி. "தினம் பார்த்தேனே டீச்சர்."

பெண்டாட்டி சாட்சி கோர்ட்டு வாசல்படி ஏறாது என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு என்ன எழுதினாங்க?"

"ரெண்டு உள்ளங்கையிலும் தீக்காயம். அவ்வளவுதான். அன்னிக்கு ஒரே நேரத்துல பதினோரு பேர் போனோம்."

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். டீச்சரின் உதவியாளர் வந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கண்டக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"டீச்சர், கீழ் கடையில குளிர்பானம் வாங்கப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா பாட்டிலுக்கு நடுவுல களிம்பு உக்காந்திருக்கு. கடைக்காரர் 'தொடாதீங்க, அது மேல் வீட்டு மருந்து'ங்கறார். தொடாதேன்னா தொட்டுப் பார்க்கிற ஜாதி நான்."

கையில் இரண்டு ட்யூப். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு.

மனைவி பதறிப்போய் வாங்கினாள். "ஐயோ, வெளியில வெச்சா கெட்டுடும்! எங்ககிட்ட ஃப்ரிட்ஜ் இல்ல, அதான் அங்க வெச்சிருக்கோம். ஆஸ்பத்திரியில ஏதோ புது மருந்து பரீட்சைன்னு என்கிட்ட கைநாட்டு வாங்கிட்டுக் குடுத்தாங்க. ஒரு கைக்கு ஒண்ணு."

டீச்சரின் முழங்கால் வலி ஒரு நொடி மறந்துபோனது.

"ஒரு கைக்கு ஒண்ணா? எந்தக் கைக்கு எது?"

"அதோ, அதுல இருக்கிற மாதிரி." அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். பென்சிலால் வரைந்த இரண்டு கைகள். ஒன்றின் நடுவில் சிவப்புப் பொட்டு, மற்றதில் நீலப் பொட்டு. எழுத்து எதுவும் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சிஸ்டர் படமா போட்டுக் குடுத்தாங்க. தினமும் சாயங்காலம் கட்டைப் பிரிச்சு, இதைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துப் பார்த்துத்தான் போடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"மருந்து போடறீங்களான்னு கேட்டாங்க. போடறோம்னேன்."

கண்டக்டர் தாளை அலமாரியிலிருந்து பதமாகப் பிரித்தெடுத்தார். "ரெண்டு கையும் ஒரே ஸ்டாப்புல ஏறியிருக்கு டீச்சர். ஒண்ணுக்கு எக்ஸ்பிரஸ் டிக்கெட், ஒண்ணுக்கு சாதா. அதைப் பார்த்துட்டு போலீசு ரெண்டும் வேற வேற நாள் ஏறினதுங்கறாங்க."

"எந்திரிக்க ஒரு கை குடுங்க" என்றார் டீச்சர்.

* * *

ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு கடைசிக் கட்டிடத்தின் கடைசி மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கான பிரிவுகளையெல்லாம் எந்த ஊரிலும் அப்படித்தான் கட்டுவார்கள். லிஃப்டின் கதவில் 'பழுது' என்ற அட்டை. அந்த அட்டையே பழுதாகித் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் ஏறி முடித்தபோது மணி ஒன்றரை.

டாக்டர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேறியவர் போல இருந்தார். டீச்சர் பாய்லர்காரரைப் போனில் பிடித்து, 'எல்லாம் சொல்லுங்க டாக்டர்' என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உடம்புல காயம் பட்டா, பக்கத்துல இருக்கிற செல்லுக்கெல்லாம் 'வளரு, வந்து மூடு'ன்னு தகவல் போகும். அந்தத் தகவலைக் கொண்டு போறது ஒரு வகைப் புரதம். வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். வெந்த இடத்துல, நாள்பட்ட புண்ணுல அது சரியா போய்ச் சேராது. அதையே தயார் பண்ணி, களிம்புல கலந்து மேல பூசினா சீக்கிரம் ஆறுதான்னு பார்க்கிறோம்."

"ஆறுதா?"

"சிலருக்கு நல்லா. சிலருக்குச் சுமாரா. எல்லாருக்கும்னு சொன்னா அது மருந்து இல்ல, விளம்பரம்."

"ரெண்டு ட்யூப் எதுக்கு?"

"ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி காயம் உள்ளவங்களா எடுத்து, ஒரு கைக்கு மருந்துக் களிம்பு, இன்னொரு கைக்கு மருந்து இல்லாத அதே களிம்பு. எது எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறைக்குள்ள ஒட்டி இருக்கு. சேர்க்கிறப்ப காயம் எவ்வளவு பெருசுன்னுதான் குறிப்போம், எந்த நாள் காயம்னு எழுதறதில்ல."

டீச்சர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் ஒரு விசிலே அடித்துவிடுவார் போலிருந்தது.

"அப்ப அவர் வலது கையில பூசினது மருந்துன்னு அந்த உறை சொன்னா, ரெண்டு கையும் ஒரே நாள் காயமா இருந்தும் இப்படி வித்தியாசம் வரலாம்?"

"வரலாம். ஒரு வாரம், பத்து நாள் முந்தி ஆறினவங்களைப் பார்த்திருக்கேன்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பாய்லர்காரர் வாரா வாரம் வருவார், நான்தான் புண்ணை அளப்பேன். எனக்கே வலது கையைப் பார்த்து நீல மூடிலதான் மருந்து இருக்கோன்னு ஒரு எண்ணம். சொல்லக் கூடாது, சொல்றேன்."

"உறையைப் பிரிங்க டாக்டர்."

"பிரிச்சா அவர் கணக்குல இருந்து போயிடுவார். ஒவ்வொரு ஆளையும் தேடித் தேடிச் சேர்த்திருக்கேன்."

"நாலு மணிக்குப் போலீஸ் கூட்டிட்டுப் போனாலும் போயிடுவார். அங்க ஃப்ரிட்ஜ்கூட இருக்காது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். இரும்பு அலமாரியைத் திறந்து, உறையை எடுத்து, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரித்தார். உள்ளே இருந்த சீட்டை வாசித்தார். மறுபடி வாசித்தார். தூக்கம் அப்போதுதான் முழுசாகக் கலைந்தது.

"சிவப்புதான் மருந்து" என்றார். "சிவப்பு பூசற கை, இடது."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது.

மருந்து பூசிய இடது கை பச்சைப் புண்ணாக இருக்கிறது. மருந்தே பூசாத வலது கை ஆறிவிட்டது. அப்படியானால் வலது கைக்காயம் போலீஸ் நினைப்பதைவிடவும் பழசாகத்தான் இருக்க வேண்டும்.

"சாவி கொண்டு போறோம்னு நெனைச்சேன் டீச்சர்" என்றார் கண்டக்டர். "இன்னொரு பூட்டு வாங்கிட்டுப் போறோம்."

டாக்டர் சீட்டை மடிக்காமல் மேசை மேல் வைத்தார். "போலீஸ் கேட்டா நான் இதைக் காட்டித்தான் ஆகணும்."

"காட்டுங்க" என்றார் டீச்சர். வேறென்ன சொல்வது?

* * *

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது டீச்சருக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. இந்த வழக்கு, அந்த மாடிப்படி, தன்னுடைய முழங்கால், தன்னுடைய நம்பிக்கை. இருபத்திரண்டு வருஷம் பொய்யைக் கண்டுபிடித்த கண் கடைசியில் தன்னையே ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. கேட்டதில் பாதியைச் சொல்கிறவன் அப்பாவி என்று யார் சொன்னது? மிச்சப் பாதியை அவன் ஒளித்தும் வைத்திருக்கலாம். கதவோரம் நின்ற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். யோசிக்கவே களைப்பாக இருந்தது.

கண்டக்டர் எங்கிருந்தோ வெண்ணெய் தடவிய பன் வாங்கி வந்திருந்தார். துக்கமோ சந்தோஷமோ, அவருக்குப் பசி வேளை தவறாது.

"சாப்பிடுங்க டீச்சர். வெறும் வயித்துல தோத்தா ரொம்ப வலிக்கும்."

"நீங்க சாப்பிடுங்க."

வார்டு சிஸ்டர் தட்டு நிறையப் பஞ்சும் துணியுமாகக் கடந்து போனாள். டீச்சர் அந்தத் தாளை நீட்டிக் கேட்டார். "இது நீங்க வரைஞ்சதா?"

"ஆமா. அந்த சலவைக் கூடத்துக்காரர் வீட்டுக்கு." சிஸ்டர் ஒரு நிமிஷம் நின்றாள். "இடது வலதுன்னு வாயால சொன்னா ஒருத்தரும் சரியா போட மாட்டாங்க மேடம். எதிர்ல உக்காந்து கட்டுப் போடறப்ப தன்னோட இடதை அவங்க இடதுன்னு நெனைச்சு மாத்திப் பூசிடுவாங்க. அந்தத் தப்பே வரக் கூடாதுன்னு நானே கண்டுபிடிச்ச வழி இது. என் கையை வெச்சு சுத்தி வரைஞ்சு, பொட்டு வெச்சுக் குடுத்துடுவேன்."

"சிவப்பு எந்தக் கை?"

"இடது. பாருங்களேன், அதுதான் அழகா இருக்கு. இடது கையைத் தாள்ல வெச்சு வலது கையால வரைஞ்சேன். இன்னொண்ணு கோணலா இருக்கும், இடது கையால வரைஞ்சது."

அவள் போய்விட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கை ஓவியங்களை டீச்சர் ஆயிரம் பார்த்திருப்பார். ஒன்று ஒழுங்காக, ஒன்று நடுங்கிப் போய். அழகான கையில் சிவப்புப் பொட்டு. சிஸ்டர் மேலும் பிழை இல்லை. டாக்டர் சரி, சிஸ்டர் சரி, அந்த மனைவி ஒரு நாளும் தவறாதவள். எல்லோரும் சரி என்றால் அந்த மனிதர்தான் தப்பு.

"சிஸ்டருக்கு என் கையைவிடச் சின்னக் கைதான்" என்றார் கண்டக்டர், பெஞ்சில் கிடந்த தாளை எட்டிப் பார்த்து. அவருக்குச் சும்மா இருக்க வராது. இடது கையில் பன். வலது உள்ளங்கை பூராவும் வெண்ணெய். தாள் அழுக்காகக் கூடாதென்று வலது கையை மல்லாத்தி, புறங்கை தாளில் படும்படி அந்த அழகான படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "விரல் ஒரு கணு நீளம். மத்தபடி அச்சா பொருந்துது."

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"கையை எடுக்காதீங்க."

"வெண்ணெய் படல டீச்சர், பார்த்துத்தான்..."

"அசையாதீங்க! அது எந்தக் கை?"

கண்டக்டர் தன் கையைத் தானே பார்த்தார். "வலது."

"எந்தப் படத்து மேல இருக்கு?"

"சிவப்புப் பொட்டு..." அவர் வாயில் இருந்த பன் மெல்லப்படாமல் நின்றது. "இது இடது கைப் படமாச்சே?"

வாசகர்களில் சந்தேகப் பிராணிகள் இருந்தால் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுச் செய்து பார்க்கலாம். இடது கையைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். கட்டை விரல் வலப்பக்கம் நீட்டும். இப்போது வலது கையை மல்லாத்தி வையுங்கள். அதற்கும் கட்டை விரல் வலப்பக்கம்தான். சுற்றி வரைந்த கோட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது.

சிஸ்டர் கையைக் கவிழ்த்து வரைந்தாள். வரைகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வரைவார்கள். ஆனால் வெந்தது உள்ளங்கை. உள்ளங்கையில் மருந்து போட, கையை மல்லாத்தித்தான் ஆக வேண்டும்.

"பக்கத்துல வெச்சுப் பார்த்துப் பார்த்துப் போடுவேன்னு சொன்னாங்க" என்றார் டீச்சர். "எந்தக் கைன்னு வாயால சொல்லுங்கன்னு நான் கேட்டிருக்கணும். ஒண்ணாங் கிளாஸ்ல கேக்கிற கேள்வி. கேக்கல."

"அதனால என்ன, இப்பப் போன் பண்ணிக் கேளுங்க!"

"கேட்டா, சொல்லிக் குடுத்துட்டேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவார். அந்தப் பொண்ணுக்கு இது தெரியவே கூடாது. அவருக்கு முன்னாடி அவங்களாப் போடணும்." டீச்சர் தானே எழுந்துவிட்டார். "டாக்டர்கிட்ட அந்தச் சீட்டுக்கு ஒரு நகல் வாங்குங்க. விஷயத்தையும் சொல்லிட்டு வாங்க. படி இறங்கறதுக்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆகும்."

* * *

மூன்றே முக்காலுக்கு அவர்கள் திரும்பியபோது போலீஸ் ஜீப் வாசலில் நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் மாடிப்படியின் அடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் அன்று நன்றாகத் தூங்கியவர் இல்லை.

டீச்சர் படியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சீட்டின் நகலைக் கொடுத்தார். தன் கையை மல்லாத்தியும் கவிழ்த்தும் காட்டினார். இன்ஸ்பெக்டர் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தானும் ஒரு முறை செய்து பார்த்தார்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா இது கதை. அந்தம்மா மாத்திப் போட்டாங்கன்னு யார் பார்த்தா?"

"நீங்க பார்ப்பீங்க. இப்ப. நானும் வாயைத் திறக்க மாட்டேன், அவங்க வீட்டுக்காரரையும் திறக்க விட மாட்டேன்."

"அஞ்சு நிமிஷம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே மனைவி ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இன்னிக்கு மருந்தைப் போட்டு விட்டுடும்மா" என்றார் அவர்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இருந்த கவலைகளில் அதுவும் ஒன்று. கண்டக்டரிடமிருந்து படத் தாளையும், ஃப்ரிட்ஜிலிருந்து அவர் கொண்டு வந்த ட்யூப்களையும் வாங்கிக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பாய்லர்காரருக்கு எதிரே உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து, இரண்டு கையையும் தலையணையில் மல்லாத்தி வைத்தாள். வலது உள்ளங்கை இளஞ்சிவப்பாக, புதுசாக இருந்தது. இடதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தாளை எடுத்து, விரல்கள் ஒரே பக்கம் பார்க்கும்படித் தலையணை மேல் வைத்தாள். கட்டை விரலோடு கட்டை விரலைச் சேர்த்துப் பார்த்தாள். சிவப்பு மூடியைத் திறந்தாள். கொஞ்சமாகப் பிதுக்கி, வலது உள்ளங்கையில் மெல்லிசாகப் பூசினாள்.

பாய்லர்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கண்டக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்னும் பாதி சந்தேகம் இருந்தது. ஒத்திகை பார்க்க ஒரு நாள் முழுக்க இருந்ததே என்று அவர் நினைப்பது டீச்சருக்குத் தெரிந்தது.

அதைச் சோதிக்கிற வழியும் இன்ஸ்பெக்டருக்கே தோன்றியது. பாய்லர்காரரிடம் குனிந்து, "ரெண்டு கையையும் தூக்கி, கவுத்துப் பிடிங்க. தலையணையில பட வேண்டாம்" என்றார். அவர் அப்படியே பிடித்தார். "இப்ப பாரும்மா. படத்தை வெச்சுப் பாரு. சிவப்பு எந்தக் கைக்கு?"

"இதோ, இப்பத்தானே போட்டேன்..." அவள் தாளைப் பக்கத்தில் வைத்தாள். கட்டை விரலைத் தேடினாள். தாளை இந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள், அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் விரல் தானாகப் போய் இடது கையைக் காட்டிவிட்டு, சுட்டது போலப் பின்வாங்கியது.

"மாறுது" என்றாள். "ஐயா... மாறுதுய்யா. எப்படி மாறுது?"

அந்த முகத்தை எந்த ஒத்திகையாலும் கொண்டு வர முடியாது. இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"எங்க டாக்டரை இன்னிக்கே அந்த டாக்டர்கிட்ட அனுப்பறேன். பையைப் பிரிச்சு வைம்மா. இவர் எங்கயும் வரல." வாசலில் திரும்பி, "இனி நான் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும் டீச்சர்" என்றார், டீச்சர்தான் தீ வைத்தவர் போல.

"வாங்க சார், கீழ ஒரு குளிர்பானம் சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்று கண்டக்டர் அவரைப் படியிறக்கிக்கொண்டு போனார்.

நடந்தது என்ன என்று டீச்சர் விளக்கிச் சொன்னார். பாய்லர்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மனைவி அழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் விடல டீச்சர். காய்ச்சல் வந்தப்பகூட எந்திரிச்சுப் போட்டேன்" என்றாள் கடைசியில். "அத்தனை நாளும் தப்பாவே போட்டிருக்கேன். என்னாலதானே இவரைக் கொலைகாரர்னாங்க? இந்தக் கை இன்னும் இப்படிக் கிடக்கிறதும் என்னாலதானே?"

டீச்சருக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. பிழையைச் சுழித்துத்தான் பழக்கம். அதனால் உண்மையையே சொன்னார்.

"ஒரு நாள் அந்தக் கை, ஒரு நாள் இந்தக் கைன்னு போட்டிருந்தா ரெண்டும் ஒரே மாதிரி அரைகுறையா இருந்திருக்கும். போலீசுக்குச் சந்தேகமே வந்திருக்காது. நீங்க ஒழுங்காப் போட்டதாலதான் வினை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒழுங்கு இல்லேன்னா இன்னிக்கு என்னால எதையும் நிரூபிச்சிருக்க முடியாது. நான் பார்த்த வரைக்கும் இவ்வளவு சரியா ஒரு தப்பைச் செஞ்சவங்க யாரும் இல்லம்மா." மூச்சு வாங்கினார். "டாக்டர் சொல்லிட்டார். இனிமே சிவப்பை இடது கைக்கே போடலாமாம். நீலம் வேண்டாமாம்."

மனைவி சிவப்பு ட்யூபை எடுத்தாள். திறக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "நான் தொட மாட்டேன். வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

பாய்லர்காரர் கண்ணைத் திறந்தார். வலது கையை மெதுவாக நீட்டி, அவள் கையிலிருந்து ட்யூபை வாங்கினார். தீ விபத்து நடந்த நாளிலிருந்து அந்தக் கை ஒரு பொருளையும் பிடித்ததில்லை. புதுத் தோல் இழுத்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இந்தக் கையை நீதான் எழுப்பி விட்டே" என்றார். "சும்மா இருந்து என்ன பண்ணப் போகுது? வேலை செய்யட்டும்."

பல்லாலேயே மூடியைத் திருகி, இடது உள்ளங்கைக்கு மேலே பிடித்து அழுத்தினார். பழக்கமில்லாத கை. களிம்பு ஒரு பெரிய கட்டியாக வந்து விழுந்தது.

மனைவி விருட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் அதுவரை நின்ற தண்ணீர் அப்போதுதான் வழிந்தது.

"ஐயோ, அப்பாதீங்க! மெல்லிசாங்க... மெல்லிசா. குடுங்க இப்படி" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.